ழகரம் கேட்ட மத்தியானம்

காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்குக் கல்யாணசுந்தரியைத் தெரியாது. ஆனால் அவள் கண்ணில் படாமல் அவர்கள் வீட்டுக் கல்யாணம் எதுவும் நடந்ததில்லை. செக்காலை ரோட்டில் ஓர் அச்சகத்தின் உள்ளறையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் எழுத்தடித்துப் பிழை பார்த்தவள் அவள். பிறந்தது ஒக்கூர், வாழ்க்கைப்பட்டது காரைக்குடி. 'இளையாத்தங்குடிக் கோயில்' என்ற குலக்கோயில் வரியை எத்தனை பத்திரிகைக்கு அடித்திருப்பாளோ, விரல்கள் தாமாகவே போய் வரும். 'மணமகள்' தவறி 'மனமகள்' ஆகிவிட்டால் ஒரு குடும்பமே அச்சகத்து வாசலில் வந்து நிற்கும். அதனால் னகரம், ணகரம், லகரம், ளகரம், ழகரம் அத்தனையையும் அரிசியில் கல் பொறுக்குவது போலப் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைப்பாள்.

பார்வை முதலில் பொழுது சாய்ந்த பிறகுதான் தடுமாறியது. பிறகு பகலிலும் ஓரங்கள் மறைந்து, குழாய் வழியே உலகத்தைப் பார்ப்பது போல ஆயிற்று. மதுரைக்குப் போய்க் காட்டினார்கள். விழித்திரை நோய், வம்சத்தில் வருவது, மருந்து கிடையாது என்று டாக்டர் நிதானமாக எடுத்துச் சொன்னார். அதன் பிறகும் கொஞ்ச காலம் வேலைக்குப் போனாள். ஒரு பத்திரிகையில் பெண்ணின் பேரே மாறிப் போனது. அச்சகத்தில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகவே மறுநாள் போகவில்லை. நாளடைவில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிகிற நிலைக்கு வந்து சேர்ந்தாள்.

கணவன் முத்தரசு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பவன். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் பேப்பரை விரித்து அவளுக்கு வாசித்துக் காட்டுவான். விலைவாசி, கோயில் விசேஷம், மழை நிலவரம் எல்லாம் அதில் வரும். மற்றபடி எழுத்து என்பது அவள் வாழ்க்கையிலிருந்து ஒதுங்கிப் போயிருந்தது.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மகள் தீக்ஷா கல்லூரியில் படித்தபோது கல்லுக்கட்டிக் கடைவீதியில் வாங்கியது. மகள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகு அது மேசையிலேயே கிடந்தது. திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் வசதி அதிலும் உண்டு. அதை எப்படி எழுப்புவது என்று தீக்ஷா அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். இங்கிலீஷ் வந்தால் ஒரு பெண்குரல் மடமடவென்று வாசிக்கும். தமிழ் வந்த இடத்தில் சத்தமே வராது. ஒரு பக்கம் முழுக்கத் தமிழாக இருந்தால், பக்கமே இல்லாதது போல அந்தக் குரல் தாண்டிப் போய்விடும். கல்யாணசுந்தரி நாலைந்து முறை முயன்று பார்த்துவிட்டு, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டாள்.

அந்தத் துண்டை எடுக்க வேண்டி வந்தது மகளால்தான். கம்ப்யூட்டர் வழியாக முகம் பார்த்துப் பேசலாம் என்று அவள் கூப்பிட்டபோதெல்லாம் அது திக்கித் திணறி நின்றது. முத்தரசு, பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் கிருஷ்ணப்ரியாவை வீட்டுக்கு அழைத்து வந்தான். அவள் திறந்து பார்த்துவிட்டு, இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே ஓடுகிற விண்டோஸ்தான் மிகப் பழசு என்றாள். கொஞ்சம் நினைவகம் கூட்டி, இருப்பதன் மேலேயே புதியதை ஏற்றிவிடலாம், அழிக்கத் தேவையில்லை என்றும் சொன்னாள்.

கல்யாணசுந்தரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"புதுசும் தமிழ் வந்தா ஊமையாயிருமா?"

கிருஷ்ணப்ரியா திறந்த பெட்டியை மூடினாள். "தமிழ்க் குரல் வருதுன்னு கேள்விப்பட்டிருக்கேன்க்கா. நான் கேட்டதில்ல. போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

முத்தரசுக்குக் கவலை வேறு. தீக்ஷா தவழ்ந்தது, காது குத்தியது, பள்ளிக்கூடம் போனது என்று எல்லாப் படங்களும் அதற்குள்தான் இருந்தன. மனைவியால் இனி பார்க்க முடியாத படங்கள் என்பதாலேயே அவை அவனுக்குப் பெரிதாகப் பட்டன. கிருஷ்ணப்ரியா முதலில் அத்தனையையும் தனியாக ஒரு டிஸ்கில் பிரதி எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அதன் பிறகே வேலையைத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தன் கடையிலிருந்து ஒரு யுபிஎஸ் பெட்டியையும் அவள் கொண்டு வந்திருந்தாள். பாதி வழியில் மின்சாரம் போய் இயந்திரம் அணைந்தால், பழசும் இல்லாமல் புதுசும் இல்லாமல் நடுவில் நின்றுவிடும் என்றாள். கல்யாணசுந்தரி நாற்காலியைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டாள். உள்ளே காற்றாடி ஓங்கிச் சுழல்வதும் தணிவதும் அவளுக்கு மூச்சு வாங்குவது போலக் கேட்டது. எத்தனை சதவீதம் முடிந்தது என்று முத்தரசு அவ்வப்போது வாசித்துச் சொன்னான். திடீரென்று எல்லாச் சத்தமும் நிற்கும். பிறகு ஒரு சின்னச் சொடுக்கு, மறுபடி காற்றாடி. அணைந்து அணைந்து தானே எழுந்துகொள்ளும் அந்த விதம் அவளைக் கட்டிப் போட்டது. அடுப்படிக்குப் போக வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

பாதியைத் தாண்டியதும் எண் நகராமல் நின்றது. முத்தரசு எழுந்து நடக்க ஆரம்பித்தான். சரியாக அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேல் ஃபேன் வேகம் குறைந்தது. ஃபிரிட்ஜின் முனகல் அடங்கியது. கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் விட்டு விட்டுக் கூவத் தொடங்கியது.

இந்த யுபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும் என்று கிருஷ்ணப்ரியா மெல்லிய குரலில் சொன்னாள். முத்தரசு ஸ்கிரீனைக் கும்பிடுவது போல நின்றான். கல்யாணசுந்தரி கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அது சூடாக, அதிர்ந்துகொண்டே இருந்தது. வெளியே தெரு முழுக்க ஓய்ந்து கிடக்க, அந்த ஒரு பெட்டி மட்டும் உள்ளுக்குள் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. கூவல் நெருங்கி நெருங்கி வந்த கட்டத்தில் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது. எண்ணும் நகர்ந்தது.

எல்லாம் முடிந்து திரை திறந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. முத்தரசு முதலில் படங்களைத் தேடிப் போனான். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் மவுஸின் சொடுக்குகளை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் இருக்கு சுந்தரி," என்றான் கடைசியில். "அடியோட மாத்தியிருக்காக. வச்ச சாமான் வச்ச எடத்துலயே இருக்கு."

கிருஷ்ணப்ரியா தமிழை இணையத்திலிருந்து இறக்கினாள். பிறகு வாசிக்கும் வசதியை எழுப்பிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"அமைப்புகள்," என்றது ஓர் ஆண்குரல்.

கல்யாணசுந்தரி கையை நீட்டி முத்தரசுவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டில், அவள் மேசையில், யாருடைய வாயும் அசையாமல் தமிழ் ஒலித்திருந்தது.

பழைய தட்டச்சு முறையிலேயே அடிக்கும்படி கிருஷ்ணப்ரியா ஏற்பாடு செய்து கொடுத்தாள். விசைப்பலகையில் விரல் வைத்ததும் இத்தனை வருஷம் விலகியிருந்ததே தெரியாதது போல, விரல்கள் இடம் கண்டுபிடித்துக்கொண்டன. 'வால்' என்று அடித்தாள். வாசித்தது. 'வாள்' என்று அடித்தாள். அடுத்து 'வாழ்'. குரல் நாக்கை மடித்து, மூன்றையும் மூன்றாகவே சொன்னது. 'கீழப்பூங்குடி' என்று ஊர்ப்பேர் ஒன்றை அடித்தாள். அதிலும் ழகரம் பிசகவில்லை. பிறகு 'மணமகள்', வேண்டுமென்றே 'மனமகள்'. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகக் காதில் விழுந்தது. கண் செய்துகொண்டிருந்த வேலையைக் காது செய்துவிட்டது.

மனசில் இருந்த ஒரு பத்திரிகை வாசகத்தை முழுசாக அடித்து வாசிக்கவிட்டாள். தூரத்து ஊரிலிருந்து மாற்றலாகி வந்து, புஸ்தகம் பார்த்துத் தமிழ் படித்த அதிகாரி மாதிரி அது விறைப்பாக வாசித்தது. நிறுத்த வேண்டாத இடத்தில் நிறுத்தியது. முத்தரசு சிரித்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கேயோ ஓர் அறையில் யாரோ உட்கார்ந்து, இந்த எழுத்துக்கு இந்தச் சத்தம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். தன்னைப் போல எழுத்து எழுத்தாகப் பார்க்கிற ஆள்தான் அவரும் என்று தோன்றியது.

"இதுக்கு ழானா சொல்லிக் குடுத்தவுக யாரோ," என்றாள். "அவுக நல்லாருக்கணும்."

அன்றைக்கு அந்த வீட்டில் சோறு பொங்கவில்லை. கடையில் பரோட்டா வாங்கி வந்து மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

பேப்பரை அவள் தானே வாசிக்கக் கற்றுக்கொண்டது அதற்குச் சில வாரங்கள் கழித்து. இணையத்தில் மாவட்டச் செய்தியைத் திறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள். திருப்பத்தூர் ரோட்டில் விபத்து, குளத்தில் மூழ்கிய பிள்ளை, தெரிந்த ஊர்க்காரர் ஒருவரின் சாவு. இதெல்லாம் இவ்வளவு நடக்கிறதா என்று திகைத்துப் போனாள். மறுநாள் காலை முத்தரசு வழக்கம் போல வாசித்து முடித்ததும் கேட்டாள்.

"ஏங்க, நீங்க வாசிக்கிற பேப்பர்ல மட்டும் யாரும் சாகவே மாட்டாகளா?"

பேப்பரை மடிக்கிற சத்தம் பாதியில் நின்றது. "காலங்காத்தால ஒனக்கு எதுக்கு அதுன்னு விட்டுருவேன்," என்றான். அத்தனை வருஷமும், ஒவ்வொரு காலையும், அவள் காதுக்குப் போக வேண்டியதை அவன் கண்ணால் முந்திக்கொண்டு சலித்தெடுத்திருக்கிறான். குரலில் ஒரு தடுமாற்றம்கூடக் காட்டியதில்லை. நீங்கள் வாசிக்கிற மாதிரியே வாசியுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது.

இப்போது கல்யாணசுந்தரிக்குப் போன் வருவதுண்டு. கண் தெரியாத யாராவது பழைய கம்ப்யூட்டரை மாற்றிப் போட்டுக்கொண்டால், பழக்கிவிடச் சொல்லி அவள் எண்ணைக் கிருஷ்ணப்ரியா கொடுத்துவிடுகிறாள். அப்படி ஒருநாள் கொத்தமங்கலத்திலிருந்து ஆசைத்தம்பி என்பவர் கூப்பிட்டார். மர வேலைக் காண்ட்ராக்ட் எடுத்துக்கொண்டிருந்தவர், சர்க்கரை நோயில் பார்வை போனவர். அவருடைய மருமகள் அவர் பேரைத் தமிழில் அடித்து வைத்திருந்தாள். எந்த விசையை எதோடு சேர்த்து அமுக்க வேண்டும் என்று கல்யாணசுந்தரி இங்கிருந்து சொல்லச் சொல்ல, அவர் தடவித் தடவி அமுக்கினார்.

போனுக்குள் அந்த விறைப்பான குரல் கேட்டது. "ஆசைத்தம்பி," என்றது.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று வேறு யாராவது என்றால் ஹலோ, ஹலோ என்றிருப்பார்கள். அவள் பேசாமல் காத்திருந்தாள்.

"இன்னொரு தடவ அமுக்கட்டுமா?" என்று வந்தது அவர் குரல்.

"அமுக்குங்க," என்றாள் கல்யாணசுந்தரி. "எத்தன தடவ வேணும்னாலும் அமுக்குங்க. அது சலிச்சுக்கிறாது."