கல்யாணப் பத்திரிகையில் ஒரு கலயம்

அச்சகத்தில் எனக்கு ஆர்ட்டிஸ்ட் என்று பேர். கல்யாணப் பத்திரிகைக்குக் கொடி வரைவது, ஊதுபத்தி உறைக்கு மல்லிகை வரைவது, இதுதான் வேலை. எழுபதுகள் முடியப்போகிற சமயம், பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுப் போய் இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது. எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. மூலக்குளத்திலிருந்து தினமும் தாவணியைச் செருகிக்கொண்டு சைக்கிள் மிதித்து டவுனுக்கு வருவேன்.

கை நன்றாகவே ஓடும். எதை வரைவது என்பதுதான் திண்டாட்டம். தை மாதம் பிறந்தால் வருகிறவர்கள் எல்லோரும், "போன வாரம் பக்கத்து வீட்டுக்குப் போட்டது மாதிரி வேணாம், புதுசா போடு" என்பார்கள். புதுசுக்கு நான் எங்கே போவேன்? மெட்ராஸில் டிசைன் புத்தகங்கள் விற்கும் என்று கேள்விப்பட்டதோடு சரி. அதனால் ஓசியில் கிடைக்கிற படம் எதையும் விடமாட்டேன். தீப்பெட்டி, ஜவுளிக்கடைப் பை, பிரான்சிலிருந்து வந்தவர்கள் தூக்கிப் போட்ட பிஸ்கட் டப்பா, எல்லாம் என் தகரப் பெட்டிக்குள் போகும். வீடு கூட்டும்போதெல்லாம் அம்மா அந்தப் பெட்டியைத் திட்டுவாள்.

அப்புறம்தான் நூலகத்தைக் கண்டுபிடித்தேன். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். ஏன், எதற்கு என்று கேட்க மாட்டார்கள். அங்கே ஒரு பழைய பிரெஞ்சுப் புத்தகம், ஒரு கையால் தூக்க முடியாத கனம். பக்கத்துக்குப் பக்கம் தூண், கொடி, வளைவு, பூச்சரம். வீட்டுக்குத் தர மாட்டார்கள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் ட்ரேசிங் பேப்பரோடு போய் உட்கார்ந்துவிடுவேன். புத்தகம் எடுத்துக் கொடுக்கிற மேசையில் இருந்த பெண்ணுக்கும் ஏறக்குறைய என் வயதுதான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். அவள் என்னோடு பேசியது ஒரே வாக்கியம்: "பென்சில அழுத்தாதீங்க, பக்கத்துல தடம் விழுது."

ஒரு சனிக்கிழமை அந்தப் படம் கண்ணில் பட்டது. அழகான ஒரு கும்பம். அதன் தோளில் பட்டுத்துணி போல ஒன்று மடிப்பு மடிப்பாக வழிந்தது. இரண்டு பக்கமும் தாழ்ந்து தொங்கும் இலைக் கொப்புகள். எனக்குப் பூரண கும்பமாகவும் தோரணமாகவும்தான் தெரிந்தது. வெள்ளைக்காரனுக்கும் கும்பம் வைக்கிற வழக்கம் உண்டா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே வரைந்தேன். அடியில் பிரெஞ்சில் என்னவோ எழுதியிருந்தது. அதை நான் பார்த்ததோடு சரி.

அடுத்த வாரமே உழவர்கரையிலிருந்து ஒரு கல்யாண வேலை வந்தது. பெண்ணின் தாய்மாமன் நான் வரைந்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "கும்பம் லட்சணமா இருக்கு" என்றார். மெட்ராஸுக்கு அனுப்பி அச்சடிக்கிற பிளாக் செய்து, பச்சை மையில் முந்நூறு பத்திரிகை அடித்துக் கொடுத்தோம்.

இரண்டு நாள் கழித்துப் பெண்ணின் அப்பா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். "வாங்க முசே" என்று பிரெஞ்சு மரியாதையோடு முதலாளி நாற்காலி இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"இத வரைஞ்சது யாரு?"

"நான்தாங்க" என்று எழுந்தேன். பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"எங்கேர்ந்து எடுத்தேம்மா?"

சொன்னேன். பத்திரிகையை மேசைமேல் வைத்து, கும்பத்தின்மேல் விரலை வைத்தார். "இது கும்பம் இல்லம்மா. அவங்க ஊர்ல கல்லறைமேல செதுக்கற சாம்பல் கலயம். மேல கெடக்கறது சாவுத்துணி."

முதலாளி, "தெரியாத பொண்ணு முசே" என்று ஆரம்பித்தார். அவர் கையமர்த்தினார்.

"இந்தோசீனாச் சண்டையில எங்கூட இருந்த மூணு பேர அங்கயே பொதச்சோம். அவங்க கல்லுல இதே துணி, இதே கொப்பு. பத்திரிகைக் கட்டப் பிரிச்சதும் எனக்கு அவனுங்கதான் தெரிஞ்சானுங்க. எம்பொண்ணு கல்யாணம் தெரியல."

அவர் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அழ ஆரம்பித்ததும் அவருக்குத்தான் சங்கடமாகிவிட்டது. "அழாதம்மா. என் சம்சாரம் பாத்துட்டு கும்பம்னுதான் சந்தோஷப்பட்டா. அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. எங்க தெருவுல பாதி வீடு சொல்தா வீடு, அவங்க கண்டுபிடிச்சிடுவாங்க. அதான் வந்தேன்." முதலாளி பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ண வையாதீங்க" என்றார். பத்திரிகைக் கட்டையும் அவரே திருப்பிக் கொண்டுவந்திருந்தார். ஒன்றுகூட வெளியே போகவில்லை.

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இந்த முறை பெண்ணையே கேட்டு வரையலாம் என்று மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கல்யாணப் பெண் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "அப்பா எங்கிட்ட மட்டும் சொன்னாரு. நான் அத பூ ஜாடின்னு நெனச்சிருந்தேன்!" எனக்கும் சிரிப்பு வந்தது. முந்தின நாளிலிருந்து அப்போதுதான் மூச்சு விட்டேன்.

உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். அவள் கன்னியாஸ்திரிகளிடம் எம்பிராய்டரி கற்றவள். எண்ணெய்த் தாளில் எடுத்த பூக்கள், கொடிகள், பறவைகள், நோட்டு நிறைய.

"நாங்க அஞ்சாறு பேரு ஒருத்திகிட்டேர்ந்து ஒருத்தி ட்ரேஸ் எடுத்துக்குவோம். மொதல்ல யாரு போட்டதுன்னு யாருக்கும் தெரியாது. நீங்களும் எடுத்துக்குங்க."

"இது எங்கேர்ந்து எடுத்தது?" ஐந்து இதழ்ப் பூ ஒன்றைக் காட்டினேன்.

"இது நானே போட்டது. கெணத்தடி நந்தியாவட்டை."

என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் செடியைக் காட்டினாள். இதழ்கள் காற்றாடி மாதிரி ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தன. எங்கள் வீட்டு வாசலிலும் நந்தியாவட்டை உண்டு. தினமும் அதில்தான் சைக்கிளைச் சாய்த்து வைக்கிறேன், ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பூவையே பத்திரிகையின் ஓரம் முழுக்க வரைந்தேன். பத்திரிகை வந்ததும் அவள் அம்மா, "கும்பத்த ஏன் எடுத்தீங்க?" என்று மட்டும் குறைப்பட்டாளாம்.

கல்யாணத்துக்குப் போனேன். சொல்தா பந்தியில் நின்று, எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை நூலகத்தில் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேராக மேசைக்குப் போனேன். கலயத்தின் பக்கத்தைத் திறந்து, "இதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

படித்துவிட்டு, "கல்லறை அலங்காரம்" என்றாள். "ஏன்?"

நடந்ததைச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! நீங்க அந்தப் பக்கத்த ட்ரேஸ் எடுத்தத நான் பாத்துட்டுதான் இருந்தேன். யாரோ செத்துட்டாங்க போலன்னு நெனச்சு ஒண்ணும் கேக்கல."

அதற்கடுத்த சனிக்கிழமை புத்தகத்தைத் திறந்தால், பக்கங்களுக்கு நடுவே சின்னச் சின்னத் துண்டுத் தாள்கள். 'கோயில் தூண்', 'ராணியின் கட்டில்', 'ரொட்டிக்கடைப் பலகை' என்று தமிழில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். வாரா வாரம் சில பக்கங்கள் கூடும். அவளுக்கு வேறு வேலை வந்து போகிறவரை நிறுத்தவில்லை. ஒரு கொடியின் பக்கத்தில் மட்டும், 'இது என்னன்னு எனக்கும் புரியல. ஆனா யாரும் சாகல' என்று எழுதியிருந்தாள்.

அந்தக் கொடியை அன்றைக்கே ட்ரேஸ் எடுத்தேன்.