யாரும் விழாத வார்டு

முதியோர் வார்டின் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. 'கடைசியாக ஒருவர் கீழே விழுந்து இத்தனை நாட்கள்' என்று அச்சிட்டு, நடுவில் ஒரு கட்டம். தினமும் காலை ஏழு மணிக்குப் பழைய எண்ணை அழித்துவிட்டு ஒன்று கூட்டி எழுதுவது வார்டு அட்டெண்டரின் வேலை. அந்தத் திங்கட்கிழமை அவர் எழுதியது 208. இருபத்திரண்டு கட்டில், எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள், ஏழு மாதமாக ஒருவர்கூட விழவில்லை. மற்ற வார்டுக்காரர்கள் வந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போவார்கள். விழுவதற்கு முதலில் எழுந்திருக்க வேண்டும் என்பதற்குப் பலகையில் இடம் விடவில்லை.

அட்டெண்டருக்கு வார்டில் 'முடிச்சண்ணன்' என்று பெயர். இந்த வேலைக்கு வருமுன் எட்டு வருடம் வீட்டுச் சாமான் ஏற்றும் லாரியில் இருந்தவர். பீரோ, கண்ணாடி மேசை, ஃப்ரிட்ஜ் எதுவானாலும் ஒரு கீறல் இல்லாமல் கட்டி ஊர் சேர்ப்பார். ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் வாரம், ஒரு நர்ஸ் துணிப்பட்டையை வைத்துக்கொண்டு ஒரு கிழவரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, "தள்ளுங்க சிஸ்டர்" என்று பட்டையை வாங்கி, கிழவரைக் கட்டிலோடு கட்டினார். அன்று தள்ளியவர்கள் பத்தொன்பது வருடமாகத் தள்ளியே நிற்கிறார்கள்.

அவருடைய முடிச்சு உள்ளேயிருந்து இழுத்தால் இறுகும். வெளியே தொங்கும் வாலைச் சுண்டினால் ஒரு நொடியில் அவிழும். வால் எப்போதும் கட்டிலுக்கு அடியில், படுத்திருப்பவர் கைக்கு எட்டாத இடத்தில். மணிக்கட்டைச் சுற்றிப் பஞ்சு வைப்பார், இரண்டு விரல் இடம் விடுவார், "இறுக்கமா இருக்காய்யா?" என்று கேட்பார். ஆமாம் என்றால் தளர்த்துவார். "எதுக்குய்யா கட்டறே?" என்று கேட்டால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. நல்ல மனிதர்தான். வீட்டில் கரப்பான் பூச்சியைக்கூட முறத்தில் ஏந்தி வெளியே விடுகிறவர்.

காகிதத்தில் அதற்குக் கட்டு என்று பெயர் கிடையாது. 'பாதுகாப்பு உதவி.' டாக்டர் எழுதித் தரவேண்டும். இரண்டு மணிக்கொரு தடவை அவிழ்த்து நடக்கவைத்து, நடந்ததற்கு டிக் போடவேண்டும். அட்டெண்டர் ஒரு டிக்கூடத் தவறவிட்டதில்லை. ஷிஃப்டுக்கான நான்கு டிக்கையும் ஏழேகாலுக்கே போட்டுவிடுவார். பிறகு வேலை நெருக்கடியில் மறந்துவிடக் கூடாதே.

அந்தத் திங்கட்கிழமை ஸ்ட்ரெச்சரில் வந்தவர் அவருடைய மாமனார். நிமோனியா, கொதிக்கும் காய்ச்சல், புத்தி நிலையில் இல்லை. முப்பத்துநாலு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். சீட் காலியாக இருந்தாலும் கம்பியில் இடுப்பைச் சாய்த்து நிற்பார். ஓய்வு பெற்ற பின்னும் தட்டைக் கையில் ஏந்தி நடந்துகொண்டே சாப்பிட்டு மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். அவருக்கு இரண்டுமே பொருந்தும். வார்டுக்கு வந்த இரண்டு மணி நேரத்தில் டிரிப்ஸை மூன்று தடவை பிடுங்கினார். சுற்றி நின்ற டாக்டர்களைப் பார்த்து, "படியில நிக்காதீங்க, உள்ளே எவ்வளவு இடம் இருக்கு!" என்று அதட்டினார்.

மதியமே உத்தரவு வந்தது. மருமகன் வேறு யாரையும் விடாமல் தானே கட்டினார். சொந்தம் என்றால் கவனம் கூடும் அல்லவா?

"என்ன மாப்பிள்ளை பண்றீங்க?"

"சேஃப்டிக்கு மாமா. சீட் பெல்ட் மாதிரி."

"கண்டக்டருக்கு ஏது மாப்பிள்ளை சீட்டு?"

புதன்கிழமை காய்ச்சல் இறங்கிற்று. வியாழன் காலை டிரிப்ஸைக் கழற்றச் சொல்லி எழுதினார்கள். கட்டை அவிழ்க்கச் சொல்லி யாரும் எழுதவில்லை, ஆகவே அது இருந்தது. பத்து மணிக்குப் பிசியோதெரபிப் பெண் வந்து அவரை எழுப்பி நிறுத்தினாள். முழங்கால் இரண்டும் ஈரத்துணி மாதிரி மடிந்தன. கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டு மகள், அதாவது அட்டெண்டரின் மனைவி, பக்கத்தில் நின்றாள்.

"உங்க வீடு எத்தனாவது மாடிம்மா?" என்று கேட்டாள் பிசியோ.

"மூணாவது. லிஃப்ட் இல்லை."

"சனிக்கிழமை டிஸ்சார்ஜ். அதுக்குள்ள எட்டுப் படி ஏறிக் காட்டணும். இல்லேன்னா பராமரிப்பு இல்லத்துக்கு எழுதிடுவாங்க."

"அங்கே போனவங்க திரும்பி வருவாங்களா?"

பிசியோ, காதில் செருகியிருந்த பேனாவைப் பைக்குள் தேடினாள்.

மனைவி கட்டில் தலைமாட்டில் தொங்கிய தாளை எடுத்துக்கொண்டு நடைவழிக்கு வந்தாள். கணவரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, ரெண்டு மணிக்கொரு தடவை நடந்தாருன்னு டிக் போட்டிருக்கே. எங்கப்பா எங்கேருந்து எங்கே நடந்தாரு?"

அட்டெண்டர் தாளைப் பார்த்தார். எல்லாம் ஒரே அளவில், ஒரே சாய்வில், வரிசை பிசகாத டிக்குகள்.

"சரி. இனிமே கட்டலை. சத்தியமா."

"சத்தியமெல்லாம் வேண்டாம். கையை அடக்கிட்டு இருங்க, போதும்."

அவள் காபி வாங்கக் கீழே போனாள். அவர் உடனே தலைமை நர்ஸைத் தேடிப் பிடித்து, மாமனாரின் கட்டிலுக்கே கூட்டி வந்தார்.

"சிஸ்டர், இவருக்குக் கட்டு வேண்டாம். டாக்டர்கிட்ட சொல்லி ஆர்டரை எடுத்துடுங்க."

"அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன், முடிச்சண்ணே. பலகையில 211. இவர் விழுந்தா நான் என்ன பதில் சொல்றது?"

"விழமாட்டார். நான் கூடவே இருப்பேன்."

"மத்த இருபத்தொரு பேர் கூட யார் இருப்பா? நானா?"

நியாயமான கேள்வி. ஆனால் அன்று அவருக்கு ஆவேசம் வந்துவிட்டது. கட்டிப்போட்டால் கால் செத்துவிடும், மனது விட்டுப்போகும், மனிதன் என்ன பீரோவா, நாலு நாளில் நிற்கவே மறந்துவிட்டாரே என்று பத்தொன்பது வருடமாகக் கேட்காத காது கேட்டதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார். தலைமை நர்ஸ் அவர் முகத்தை விட்டுவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சண்ணே, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

மாமனாரின் இடது மணிக்கட்டு கட்டில் கம்பியோடு கட்டப்பட்டிருந்தது. பஞ்சு வைத்து, இரண்டு விரல் இடம் விட்டு, வால் கட்டிலுக்கு அடியில். பேச்சு வாயில் இருக்க, வேலையைக் கை முடித்துவிட்டிருந்தது.

காபியோடு மனைவி வாசலில் நின்றாள். கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்து முடிச்சைப் பிடித்து இழுத்தாள். இறுகிற்று. இன்னும் வேகமாக இழுத்தாள். "ஸ்ஸ்ஸ்" என்றார் அப்பா. கடைசியில் கணவர்தான் குனிந்து வாலைச் சுண்ட வேண்டியிருந்தது.

"தெரியாம பண்ணிட்டேன்" என்றார்.

"தெரிஞ்சு பண்ணியிருந்தா தேவலை."

"விடும்மா," என்றார் கிழவர், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு. "நானும் தூக்கத்துல டிக்கெட் கிழிச்சவன்தான். உங்கம்மா புடவையெல்லாம் போச்சு."

அன்று முழுவதும் அட்டெண்டர் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் திணித்துக்கொண்டு திரிந்தார். உள்ளே அவை சும்மா இல்லை. பையின் தையல் பிரிந்தது. டாக்டரிடம் அவரே போய் நின்று ஆர்டரை எடுக்கவைத்தார். பிறகுதான் புதுக் கஷ்டம்: படுத்திருப்பவரைப் பிடிக்கத் தெரிந்த அவருக்கு நடப்பவரைப் பிடிக்கத் தெரியவில்லை. தோளைப் பிடித்தார், கையைப் பிடித்தார், ஒரு தடவை கழுத்தைக்கூடப் பிடித்தார். "பிடிக்காதீங்க சார். இடுப்புக்குப் பின்னாடி கையை வெச்சுக்கோங்க, தொடாம" என்றாள் பிசியோ. தொடாமல் வைத்திருக்கும் கைக்கு வந்த வலி, பீரோ தூக்கிய நாட்களில்கூட வந்ததில்லை.

வியாழன் மாலை ஜன்னல் வரை ஆறு அடி. வெள்ளி காலை துணி அலமாரி வரை. கிழவர் காலை அகட்டி, ஓடும் பஸ்ஸில் நடப்பது மாதிரியே நடந்தார். பதினொரு மணிக்கு, ஒன்பதாம் கட்டில் பாட்டி தண்ணீர் கேட்டுக் கத்த, மருமகன் ஒரு கணம் திரும்பினார். திரும்பிப் பார்த்தபோது மாமனார் தரையில் இருந்தார்.

அடி எதுவும் இல்லை. தலைமை நர்ஸ் ஓடி வந்தார்.

"விழுந்தாரா, நீங்க உக்கார வெச்சீங்களா?"

நல்ல கேள்வி. உட்காரவைத்தால் பலகை தப்பும், விதி அப்படி. அட்டெண்டர் வாயைத் திறந்தார். தரையிலிருந்து பதில் முந்திக்கொண்டது.

"விழுந்தேம்மா, இதுல என்ன சந்தேகம்? சர்வீஸ்ல பதினோரு தடவை பஸ்ஸுக்குள்ளேயே விழுந்திருக்கேன். கையைக் குடுங்க மாப்பிள்ளை."

கை கொடுத்தார். எழுந்துவிட்டார். தலைமை நர்ஸ் வாசலுக்குப் போய் 212ஐ அழித்துச் சைபர் எழுதினார். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. விரதம் முறிந்தவர்கள் வயிறாரச் சாப்பிடுவது போல, காப்பாற்ற எண் எதுவும் இல்லாத அந்த மதியத்தில் இன்னும் ஐந்து பேருடைய கட்டை அவிழ்க்கத் தலைமை நர்ஸே டாக்டரிடம் அனுமதி கேட்டு வாங்கினார். சாயங்காலம் வார்டு சந்தைக்கடையாக இருந்தது.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் எட்டுப் படி ஏறச் சொன்னார்கள். கிழவர் எட்டோடு நிற்காமல் ஒன்பது, பத்து என்று போய்க்கொண்டே இருந்தார். "போதும் ஐயா, போதும்" என்று பிசியோ பின்னால் ஓடினாள். வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதினார்கள்.

மகள் அன்று அழுதாள், சிரித்தாள், அப்பாவுக்குத் தன் அறையைக் கொடுத்தாள். பத்து நாளில் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. காய்ச்சல் போனாலும் புத்தி முழுதாகத் திரும்பவில்லை. கால் மட்டும் முழுதாகத் திரும்பிவிட்டது. அறைக்கு அறை நடப்பார். கேஸ் அடுப்பைத் திறந்துவிடுவார். இரண்டு தடவை தனியாகத் தெருவரை இறங்கிவிட்டார். அவர் பின்னாலேயே நடந்து நடந்து அவளுக்கு முழங்கால் வீங்கிற்று.

ஒரு ஞாயிறு மத்தியானம், அட்டெண்டருக்கு விடுமுறை. கிழவர் கதவுத் தாழ்ப்பாளைக் குடைந்துகொண்டிருந்தார். மனைவி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு துண்டு.

"ஏங்க."

"ம்."

"ஒரு அரை மணி நேரம் கண்ணை மூடினா போதும் எனக்கு. அதுவரைக்கும் அப்பாவைக் கொஞ்சம்..."

மடியில் இருந்த துண்டைப் பார்த்தாள். அதைச் சுருட்டித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

பத்தொன்பது வருடமாக மகன்களும் மகள்களும் மருமகள்களும் அவரிடம் அந்த வாக்கியத்தை அந்த இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். மீதியை அவரே சொல்லி முடித்துவைப்பார்: "கவலைப்படாதீங்கம்மா, நான் பாத்துக்கறேன்." இப்போது செருப்பைத் தேடினார்.

"மாமா, வாங்க. கீழே போயிட்டு வரலாம்."

"இப்பத்தானே போயிட்டு வந்தோம்?"

"இன்னொரு ட்ரிப்."

முதல் மாடிக்கு வருவதற்குள் மாமனார் மூன்று தடவை நின்று, மேலே போகலாமா கீழே போகலாமா என்று யோசித்தார். மருமகன் அவசரப்படுத்தவில்லை. வீட்டில் இருப்பவள் தூங்க அரை மணி நேரம் வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் சரிதான்.