உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி

சென்ற சனிக்கிழமை காலை. நான் இன்னும் பல் விளக்கி முடிக்கவில்லை, போன் அடித்தது. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் இருந்து என் தங்கை லெட்சுமி.

“அண்ணே, ஒங்க வீட்டுல பூப்போட்ட கப்பு ஆறு இருக்குல்ல... சோசரோட? நாளைக்கு வரும்போது பேப்பர்ல சுத்திக் கொண்டாந்துருங்க.”

“என்ன விசேஷம்?”

“வெள்ளக்காரப் புள்ள வருதுண்ணே! பவித்ராவோட கூட்டாளி. நம்ம லயத்துக்கு!”

லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. லெட்சுமியின் மகள் பவித்ரா, பதுளையில் பல்கலைக்கழக மூன்றாம் ஆண்டு மாணவி. இந்த வருடம் ஒரு செமஸ்டர் முழுவதையும் போலந்தில் படித்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் புறப்பட்டது பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை என்பேன் நான். “தைப்பூசம் முடிஞ்ச மறுவாரம்” என்பாள் லெட்சுமி. இதற்காக நாங்கள் சண்டை போட்டுக் கலண்டரைப் பார்த்தோம் — இரண்டும் ஒரே நாள்தான். தேதி சரியாகாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கும் உங்களுக்குத் தெரியாதா என்ன?

அன்று வேனில் நானும் போயிருந்தேன். லெட்சுமி பண்டாரவளையில் ஆரம்பித்த அறிவுரை கட்டுநாயக்க விமான நிலையத்தில்தான் முடிந்தது. ஸ்வெட்டரைக் கழற்றாதே. கண்டவனோடும் பேசாதே. எல்லாவற்றுக்கும் மேலாக...

“அங்க போயி கையில சீனிய வச்சி நக்கிக்கிட்டு நிக்காத. கப்புல போட்டுக் கலக்கிக் குடி. மானத்த வாங்கிறாதடி.”

மலைநாட்டுக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்தில் பால் சேர்க்காத பிளேன்டீயில் சீனியைக் கலக்கமாட்டார்கள். ஒரு கரண்டி சீனி இடது உள்ளங்கையில், தேநீர் வலது கையில். நாக்கு நுனியால் சீனியை ஒரு தொடு, பிறகு தேநீரில் ஒரு மொடக்கு. கலக்கினால் மூன்று கரண்டி கேட்கும் தேநீர், இப்படிக் குடித்தால் ஒரு கரண்டியில் முடிந்துவிடும். சீனி கிடைக்காத காலத்தில் வந்த பழக்கம். சீனி கிடைத்த பிறகும் போகவில்லை. ஆனால் வெளியாள் முன்னால் இதைச் செய்ய எங்கள் ஆட்களுக்குக் கூச்சம்.

தேயிலையைப் பற்றிக் கையில் கிடைத்த புத்தகங்களை எல்லாம் வாசித்திருக்கிறேன். முதல் செடியை யார் நட்டார், எந்த வருடம், எந்தக் கப்பலில் முதல் பெட்டி போனது... எல்லாம் இருக்கிறது. உள்ளங்கைச் சீனியைப் பற்றி நான் வாசித்ததில் ஒரு வரி கூட இல்லை. தேயிலையை விற்றவர்கள் எழுதிய சரித்திரம் — குடித்தவர்களைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை?

சரி, போலந்துக்கு வருவோம்.

முதல் நாள் வகுப்பு. விரிவுரையாளர் உள்ளே வந்தார். நம் ஊர் வழக்கப்படி பவித்ரா டக்கென்று எழுந்து நின்றாள். வேறு ஒருவரும் அசையவில்லை! ஏதோ கேள்வி கேட்கப் போகிறாளாக்கும் என்று அவர் காத்திருந்தார். அவர் உட்காரச் சொல்லட்டும் என்று இவள் காத்திருந்தாள். கடைசியில் “குட் மோர்னிங், சேர்” என்று ராகம் போட்டுச் சொல்லிவிட்டு இவளே உட்கார்ந்துகொண்டாள். அடுத்த வாரம் அவர் வந்ததும் ஸ்பெயின் நாட்டுப் பையன்கள் இரண்டு பேர் இவளோடு எழுந்து நின்றார்களாம். அதே ராகம் வேறு.

அவளுடைய அறைத்தோழிதான் ஹன்னா, அந்த நாட்டுப் பெண். வந்த மாதமே ஒரு ஞாயிற்றுக்கிழமை பவித்ராவைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனாள். வெளியே முழங்கால் வரைக்கும் பனி. உள்ளே சூப், உருளைக்கிழங்கு, கேக். கடைசியில் வந்தது தேநீர் — பால் இல்லை, சீனி இல்லை, அசல் பிளேன்டீ. மேசை நடுவில் சீனிக் கிண்ணம்.

அந்த வாசம் மூக்கில் ஏறியதும் பவித்ராவுக்கு வேன் மறந்துவிட்டது, அறிவுரை மறந்துவிட்டது, போலந்தே மறந்துவிட்டது. ஒரு கரண்டி சீனியை அள்ளி உள்ளங்கையில் போட்டாள். ஒரு தொடு, ஒரு மொடக்கு. ஆகா...

நிமிர்ந்து பார்த்தால், மேசையைச் சுற்றி எல்லாக் கண்களும் அவள் கையில்.

“எனக்கு அப்படியே மேசைக்குக் கீழ பூந்துரலாமான்னு இருந்திச்சி மாமா. கைய மூடவும் முடியல. மூடுனா சீனி ஒட்டும்!”

ஹன்னாவின் அப்பா பஸ் சாரதி. சிரிக்கத் தெரியாத முகம். அவர் எழுந்து அலமாரியில் எதையோ தேடினார். ஒரு சீனிக்கட்டியை எடுத்து வந்து உட்கார்ந்தார். அதை முன்பற்களுக்கு நடுவில் கடித்துப் பிடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்சினார். பிறகு சொன்னாராம்: “என் அப்பா இப்படித்தான் குடிப்பார். சீனி கிடைக்காத காலத்துப் பழக்கம். வெளியாட்கள் வந்தால் என் அம்மா அவரைத் திட்டுவார்.”

ஹன்னா தன் கையை நீட்டி, “எனக்கும் போடு” என்றாள்.

அதற்குப் பிறகு விடுதிச் சமையலறையில் தினமும் இதே கூத்துதான். ஜூனில் செமஸ்டர் முடியும்போது, அந்த மாடியில் தேநீரில் சீனி கலக்குகிறவர்களே இல்லையாம்!

திரும்பி வந்த வாரமே பவித்ரா இதை என்னிடம் சொல்லிவிட்டாள். “அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க மாமா. கொன்னுரும்.”

ஆக, ஞாயிற்றுக்கிழமை கப்புகளோடு நான் போய் இறங்கியபோது, அந்த வீட்டில் விஷயம் தெரியாத ஒரே ஆள் லெட்சுமி. அவளோ இஸ்தோப்பைக் கழுவித் துடைத்து — வீட்டு முன் திண்ணையைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம் — மேசைக்குப் புதுத்துணி விரித்து, கதவுக்குத் திரை மாட்டியிருந்தாள். அடுப்பில் கோழி.

“லெட்சுமி, வெறும் பிளேன்டீயே போதுமே” என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

“சும்மா இருங்கண்ணே! அவுக வீட்டுல நம்ம புள்ளைய மேசையில ஒக்கார வச்சி விருந்து போட்டுருக்காக. அந்தப் புள்ள இங்க வந்து மொகத்தச் சுளிச்சிட்டுப் போனா, நாளைக்கு பவித்ரா அது மூஞ்சில எப்படி முழிக்கும்?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கப், சோசர், திரை எல்லாம் பெருமைக்கு இல்லை. அவளுக்குப் பயம். தன் லயத்து வீட்டைப் பார்த்து மகளுடைய சிநேகிதம் முறிந்துவிடுமோ என்ற பயம்.

ஹன்னா பவித்ராவோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் பின்னால். கும்பிட்டாள், “வணக்கம் அம்மா” என்றாள். நான் பவித்ராவை ஓரமாக இழுத்தேன்.

“அம்மாவுக்கு விஷயம் தெரியாதுன்னு அவகிட்டச் சொல்லி வச்சிட்டியா?”

“ரயில்லயே சொல்லிரலாம்னுதான் மாமா இருந்தேன். அவ அப்புத்தளையில ஜன்னலுக்கு வெளிய போட்ட தலைய பதுளையிலதான் உள்ள எடுத்தா!”

லெட்சுமி தட்டோடு வந்தாள். பூப்போட்ட கப்பில் பால் தேநீர், சீனி போட்டு நன்றாகக் கலக்கியது. ஹன்னா ஒரு வாய் குடித்தாள். முகம் கொஞ்சம் வாடியது. பவித்ராவைப் பார்த்தாள்.

“என்னடி, சீனி பத்தலையாமா?” லெட்சுமி பதறிப்போய்ச் சீனிப் போத்தலையும் கரண்டியையும் எடுத்து வந்தாள்.

ஹன்னா கப்பைக் கீழே வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு, இடது உள்ளங்கையை நீட்டினாள்.

லெட்சுமி அந்தக் கையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். கரண்டி அந்தரத்தில் நின்றது.

“அடியே! அந்த நாட்டுக்குப் போயுமாடி...?”

“அம்மா, அம்மா... அடிக்காத! மொதல்ல கதையக் கேளு!”

கதை சொல்லப்பட்டது. பஸ் சாரதி அப்பா சீனிக்கட்டியைக் கடித்த இடம் வந்ததும் லெட்சுமி, “நெசமாவா? அவுக அம்மாவும் திட்டுனாகளா?” என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பாருங்கள்... பக்கத்து வீட்டு ஆட்கள் என்னமோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்கள்.

பால் தேநீர் எனக்கு வந்தது. கேத்தலில் புதிதாகச் சாயம் இறங்கியது. கப் எல்லாம் உள்ளே போய், டம்ளர்கள் வெளியே வந்தன. லெட்சுமி ஹன்னாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் உள்ளங்கையிலும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

“அப்படி நக்கக் கூடாது கண்ணு. நாக்கு நுனியால லேசாத் தொடணும். கடசி மொடக்கு வரைக்கும் வரணும்ல? ஏண்டி, இதக்கூடவா ஒழுங்கா சொல்லிக் குடுக்கல நீ?”

வெளிநாட்டுப் படிப்பு என்றால் அங்கிருந்து எதையோ வாங்கி வருவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். வழியனுப்பும்போதே, இங்கே எதை எதை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றும் சொல்லி அனுப்புகிறோம். விட்டுவிட்டுப் போகச் சொன்னதுதான் அங்கே முதலில் சிநேகிதம் பிடித்திருக்கிறது!

திங்கட்கிழமை கப்புகள் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தன. பின்னேரம் என் மனைவி அதில் ஒன்றில் தேநீர் ஊற்றி, சீனி போட்டுக் கலக்கக் கரண்டியை எடுத்தாள்.

நான் கையை நீட்டினேன்.