மரியான் கொடுத்தனுப்பிய செல்

ஏழு வயதில் வந்த காய்ச்சல் சகாயசெல்வியின் செவிப்புலனைப் பாதி கொண்டுபோயிற்று. சிறிய டப்பா போன்ற காது மிஷினை நெஞ்சில் தொங்கவிட்டு, ஒயரைக் காதில் செருகிக்கொண்டுதான் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரையில் மீன் விற்றாள். கேட்காத இடங்களில் "சரி" என்று சொல்லிவைப்பாள். திரும்பக் கேட்டால் செவிடி என்பார்கள்.

மிஷினுக்கு ஒரு பென்சில் செல் வேண்டும். சாதாரண செல் தீரும்போது சத்தம் மெல்ல மெல்ல மங்கும், முன்கூட்டியே மாற்றிவிடுவாள். கணவன் மரியான் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருந்தான். 2008இல் கூட்டாளி ஞானதாசன் லீவுக்கு வந்தபோது, சார்ஜ் ஏற்றுகிற செல் இரண்டும் சார்ஜரும் கொடுத்தனுப்பினான். இனிக் கடைக்கு அலைய வேண்டாம். ஆனால் அந்தச் செல் மங்குவதில்லை. கடைசிவரை தெளிவாகக் கேட்கும், பிறகு ஒரேயடியாக நின்றுவிடும். ஒருமுறை மீன் ஏலத்தின் நடுவிலேயே நின்றது.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை மரியான் போன் செய்தான். போனை மிஷினோடு சேர்த்துப் பிடித்துத்தான் கேட்பாள். பேசும்போது வாய்க்குத் தூக்குவாள். மகள் பிரிஜாவின் படிப்பை விசாரித்தவன், ஒரு காரியம் கேட்க வேண்டும் என்றான். அத்தோடு சத்தம் நின்றது. இன்னொரு செல் சார்ஜரில் இருந்தது. காலையிலிருந்தே கரண்ட் இல்லை. பிரிஜா பள்ளிக்கூடத்தில். அவன் ஆசையாக அனுப்பிய செல் நின்றுவிட்டது, கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? சற்றுப் பொறுத்து, போனை வாய்க்குத் தூக்கி, "சரி" என்றாள்.

அடுத்த முறை பேசியபோது அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இவளுக்கும் கேட்க வெட்கமாக இருந்தது. தை பிறக்குமுன் மரியான் படகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். உடல் திருவனந்தபுரம் வழியாக வந்தது.

உடலோடு வந்த ஞானதாசன், அடக்கத்துக்கு மறுநாள் மாமியார் செல்லக்கனியின் முன்னால் சொன்னான்.

"அண்ணன் உங்ககிட்ட கேட்டாருல்லா மைனி. நெஞ்சு நோவுது, சீசன் முடிச்சிட்டே வாறேன், சரியாண்ணு. நான் பக்கத்துலதான் இருந்தேன். நீங்க சரிண்ணு சொன்ன பொறவுதான் அவரு மனசத் தேத்திக்கிட்டாரு."

அன்றைக்கு மிஷின் நன்றாகவே வேலை செய்தது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

செல்லக்கனி அவள் பக்கம் திரும்பினாள். "அவனுக்கு நோவுண்ணு ஒனக்குத் தெரியுமாட்டி?"

செல் தீர்ந்துபோயிற்று என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால், நோவோடு அவன் பேசியது மனைவியின் காதில்கூட விழாமல் போனதாகிவிடும். அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

அதன்பிறகு செல்லக்கனி அவள் கையால் சோறு வாங்கித் தின்னவில்லை. தன் மகள் வீட்டோடு போய்விட்டாள். ஊரில் பெண்கள் நேரில் ஒன்றும் கேட்கவில்லை. நர்சிங் படிக்கப் போன பிரிஜா, ஒரு லீவில் வந்திருந்தபோது, அப்பாவை வரச்சொல்லியிருக்கலாமே அம்மா என்று கேட்டாள். சகாயசெல்வி அடுப்பில் விறகைத் தள்ளினாள். மகள் திரும்பக் கேட்கவுமில்லை.

பிரிஜாவின் கல்யாணத்துக்குச் செல்லக்கனி கோயிலுக்கு வந்தாள். பேத்தியின் நெற்றியில் சிலுவை போட்டாள். பக்கத்தில் நின்ற மருமகளைத் தாண்டி, கைத்தாங்கலாக, வெயிலுக்குள் இறங்கிப் போனாள்.