மூன்று பெயரில் ஒரு டொக்டர்

"பொம்பிளைப் பிள்ளை நீ. உன்ர பேரும் தகப்பன்ர பேரும் எழுதத் தெரிஞ்சாக் காணும். அதுக்கு மேலை படிச்சு என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறாய்?"

நான் எஸ்.எஸ்.சி. சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா கேட்ட கேள்வி இது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னர் ஒருவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் காணியை அரசாங்கம் தந்தபோது அப்பா கைநாட்டு வைத்துத்தான் வாங்கினார். சோதனையில் சித்தியெய்தினேன். கிளிநொச்சிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்கும் போனேன்.

அங்கே லேடி டொக்டர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரி. காலையில் நோயாளர்களைப் பார்ப்பார். பின்னேரம், மருந்துச் சாமான் வைக்கும் அறையை ஒதுக்கி எடுத்து ஆராய்ச்சி செய்வார். குடியேற்றத் திட்டங்களில் வயல் வேலை செய்யும் பெண்கள் ஏன் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது இரத்தம் குறைந்து வெளிறிப்போகிறார்கள், வெறுங்காலோடு சேற்றில் நிற்பதால் உடம்பில் ஏறும் கொழுக்கிப்புழு அதில் எவ்வளவு பங்கு என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அக்கராயனிலிருந்தும் விசுவமடுவிலிருந்தும் வரும் பெண்களின் விரலில் குத்தி இரத்தம் எடுப்பது, கண்ணாடித் துண்டில் பூசிச் சாயம் ஏற்றுவது, நுணுக்குக்காட்டியைத் துடைத்து வைப்பது, கட்டுரைகளை டைப் அடிப்பது எல்லாம் என் வேலை. கெதியாகவே டொக்டர் என்னையும் நுணுக்குக்காட்டியில் பார்க்க விட்டார். எங்கள் காணித் தொடரில் அதில் கண் வைத்தவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அந்த அறைக்கும் என் சம்பளத்துக்கும் பணம் கொழும்பிலுள்ள ஒரு குழுவிடமிருந்து வந்தது. ஒரு நாள் குழுவின் கடிதம் வந்தது. டொக்டரின் கட்டுரைகளை வேறு ஆராய்ச்சியாளர் எவரும் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக் காட்டியதாகத் தெரியவில்லையாம். நூலகத்தில் தேடிப் பார்த்தார்களாம். மாத முடிவுக்குள் வேறு ஆதாரம் காட்டாவிட்டால் உதவியை நிறுத்திவிட்டு, டொக்டரைக் கொழும்பு ஆஸ்பத்திரி வாட்டுக்கு மாற்றச் சொல்லிச் சிபாரிசு செய்வார்களாம்.

டொக்டர் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார்.

"ஒருத்தரும் வாசிக்கேல்லைப் போல, பிள்ளை."

"பிறத்தி நாட்டிலையிருந்து தபால் அட்டையள் வருகுதே, டொக்டர்?"

"கட்டுரையில ஒரு பிரதி தாங்கோ எண்டு கேக்கினம். கேக்கிறவை எல்லாம் வாசிக்கிறதில்லை. வாசிக்கிறவை எல்லாம் அதைப் பாவிக்கிறதும் இல்லை."

வேலை போனால் எனக்கு வீட்டில் கலியாணப் பேச்சு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. பெரியப்பா அதற்கும் ஆள் பார்த்து வைத்திருந்தார்.

அடுத்த கிழமை தபால்காரர் சைக்கிளை வேப்பமரத்தில் சாத்திவிட்டு அறை வாசலுக்கு வந்தார். ஆள் பகிடிக்காரர்.

"தங்கச்சி, இந்த ஆஸ்பத்திரியிலை எத்தினை டொக்டர்மார்?"

"ஒராள்தான். ஏன் அண்ணை?"

"எனக்கெண்டால் மூண்டு பேருக்குக் கடிதம் வருகுது. உங்கட டொக்டர் அம்மா ஒராள். மற்றது, அவவின்ர சொந்தப் பேரிலை ஒராள். இஞ்சை பார், இது ஒரு ஆம்பிளை டொக்டர். ஆளை நான் இன்னும் காணேல்லை. எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

அட்டையை வாங்கிப் பார்த்தேன். அந்த ஆம்பிளையின் பெயர் எனக்குத் தெரியும். அது டொக்டருடைய அப்பாவின் பெயர். யாழ்ப்பாணத்தில் புகையிலை வியாபாரம் செய்து, என்றோ காலமாகிப்போன மனிதர்.

பிஸ்கட் பேணியில் சேர்த்து வைத்திருந்த பழைய அட்டைகளைக் கொட்டினேன். முத்திரைகளின் அழகுக்காக நான் எறியாமல் வைத்தவை அவை. தபால்காரர் சொன்னது சரி. மூன்று பெயர். அப்போதுதான் எனக்கு விளங்கியது. டொக்டரிடம் ஓடினேன்.

"டொக்டர், கொழும்பிலை எந்தப் பேரிலை தேடினவையாம்?"

"என்ர பேரிலைதான். வேறை என்ன பேர்?"

"கலியாணத்துக்குப் பிறகு வந்த பேரிலையோ?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அட்டைகளைப் பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்து நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

அவருடைய முதல் கட்டுரையில் நாங்கள் எல்லோரும் எழுதுவதுபோல அப்பாவின் பெயரை முன்னுக்கும் தன் பெயரைப் பின்னுக்கும் எழுதியிருந்தார். வெளிநாட்டுச் சஞ்சிகை பின்னுக்கு இருந்ததைத்தான் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டது. இன்னொரு சஞ்சிகை குடும்பப் பெயர் என்ன என்று கேட்டு விண்ணப்பம் அனுப்பியது. "எங்களிட்டைக் குடும்பப் பேர் எண்டு ஒண்டு இருக்கே, பிள்ளை? அப்புவின்ர பேரை எழுதிவிட்டன்" என்றார். அந்தக் கட்டுரை அப்பாவின் பெயருக்குக் கீழே போய்விட்டது. கலியாணத்துக்குப் பிறகு எழுதியவை கணவரின் பெயரில் வந்தன. எங்கள் ஊரில் இதில் ஒரு குழப்பமும் இல்லை. எல்லோருக்கும் ஆளைத் தெரியும். நூலகத்தில் பெயர் பார்த்துத் தேடும் புத்தகத்துக்கு ஆளைத் தெரியாது.

நாங்கள் இருவரும் கிளிநொச்சி ஸ்டேஷனில் கோச்சி ஏறிக் கொழும்புக்குப் போனோம். டொக்டரின் மச்சாள் வீட்டில் தங்கி, காலையில் நூலகத்துக்குப் போய் இருந்தோம். பிரதி கேட்டு அட்டை போட்டவர்களின் பெயர்களை வைத்து, அவர்கள் பிறகு எழுதிய கட்டுரைகளைத் தேடினோம். கட்டுரை எழுதியவர் தான் பயன்படுத்திய மற்றவர்களின் கட்டுரைகளைக் கடைசிப் பக்கத்தில் அகரவரிசையில் குறிப்பிட்டிருப்பார். என் ஆங்கிலம் மெதுவானது. ஆனால் ஒரு பெயர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அது போதும். டொக்டர் கட்டுரையை வாசிக்க, நான் கடைசிப் பக்கத்தில் மூன்று பெயர்களையும் தேடினேன்.

முதலில் எடுத்த சஞ்சிகைகளில் ஒன்றும் இல்லை. மதியமாகியும் இல்லை. என் விரல் ஒரு பக்கத்தில் இறங்கி வந்தபோது அவருடைய அப்பாவின் பெயரில் நின்றது. பக்கத்தை அவர் பக்கம் திருப்பினேன்.

"அப்பு வாழ்நாளிலை சுருட்டைத் தவிர வேறை ஒண்டையும் ஆராயேல்லை" என்றார் டொக்டர். சொல்லும்போதே குரல் உடைந்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். நூலகத்து ஊழியர் எங்களை எட்டிப் பார்த்தார்.

அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆபிரிக்காவில் ஒருவர், இந்தியாவில் ஒருவர், பெயரை வாசிக்கவே முடியாத ஓர் ஊரில் ஒருவர். ஒரு கட்டுரையில் டொக்டரும் அவருடைய அப்பாவும் தனித்தனியாக ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்றும், ஆகவே அந்த முடிவை நம்பலாம் என்றும் எழுதியிருந்தது.

"இதை ரெண்டு எண்டு காட்டுவமோ, டொக்டர்?" என்று கேட்டேன். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"இல்லைப் பிள்ளை. அது பிழை. ரெண்டும் நான்தான் எண்டு குழுவுக்கும் சொல்லுவம், எழுதின ஆளுக்கும் சொல்லுவம்."

அன்று பின்னேரமே இரண்டு கடிதங்களையும் எழுதினார். குழுவுக்குப் போன கடிதத்தோடு நாங்கள் கண்டெடுத்த கட்டுரைகளின் பட்டியலையும் பெயர்களின் கதையையும் கலியாணப் பதிவுப் பிரதியையும் வைத்தார். மாத முடிவுக்கு முன்னரே அது போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் பதில் கெதியில் வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் கையிலிருந்த கண்ணாடித் துண்டை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவேன்.

பதில் வந்த நாளில் டொக்டர் அதை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். அறை இருக்கும். உதவி தொடரும். இடமாற்றம் இல்லை. நான் வெளியே போய்க் கிணற்றடியில் முகம் கழுவினேன். அதற்கு முன்னர் ஒருநாளும் தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சியாக இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. திரும்பி வந்தபோது வாசல் வாங்கில் குந்தியிருந்த விசுவமடுப் பெண் ஒருத்தி விரலை நீட்டியபடி, "இண்டைக்கு எடுக்கிறியளோ, நாளைக்கு வாறதோ?" என்று கேட்டாள். "இண்டைக்குத்தான்" என்றேன்.

வீட்டில் கதையைச் சொன்னேன். அம்மா இரண்டு தரம் கேட்டார். பெரியப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டு, "அப்ப, உங்கட டொக்டருக்குத் தகப்பன்ர பேரை எழுதத் தெரிஞ்சு என்ன, எங்கை எழுதிறதெண்டு தெரியேல்லைப் போல" என்றார்.

"அதைத்தான், பெரியப்பா, நான் கண்டுபிடிச்சனான்" என்றேன். அப்பா சிரித்தார். பெரியப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் கலியாணப் பேச்சை அன்று எடுக்கவில்லை.

ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் பயிற்சிக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். டொக்டர் என்னைப் போடச் சொன்னார். முழுப்பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்காமல் முழுதாக எழுதி, பின்னால் என் பெயரை எழுதினேன். இனி என்ன எழுதினாலும் இப்படித்தான் என்று முடிவு செய்தேன். கலியாணம் நடந்தால் வீட்டில் எப்படிக் கூப்பிட்டாலும் கூப்பிடட்டும். பெற்றோர் சம்மதம் என்ற இடத்தில் அப்பா பெருவிரலை வைத்தார்.

உறையை இன்று காலை தபால்காரரிடம் கொடுத்தேன். பின்பக்கம் எழுதியிருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இது ஒராளோ, ரெண்டு பேரோ, தங்கச்சி?"

"ஒராள்தான் அண்ணை" என்றேன். உறையைப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.