சித்தப்பாவின் தமிழ் ஏச்சு

எங்கள் வீட்டில் ஏசத் தெரியாத ஒரே மனிதர் சித்தப்பாதான். அப்பாவின் தம்பி. குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் அவருக்கே இருமல் வந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு ரொறன்ரோவில் கிடைத்த முதல் உருப்படியான வேலை, பிள்ளைகளை ஏசிக் கலைக்கிற வேலை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கம், ஒரு அப்பார்ட்மென்றின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். சித்தப்பா எங்கள் சோபாவில் படுப்பார். சித்தி கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்துக்கொண்டிருந்தா. சித்தப்பாவின் வேலை நிலைத்தால்தான் சித்தியை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடலாம் என்பது வீட்டில் ஐந்து வயதுத் தம்பிக்குக்கூட மனப்பாடம். அதனால் ஷொப்பிங் மோலில் செக்கியூரிட்டி வேலை கிடைத்ததும் அம்மா வேலைக்குக் கொடுத்த நீலச் சட்டையைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துத்தான் சித்தப்பாவுக்கு உடுக்கக் கொடுத்தா.

மார்ச் பிறேக் என்கிற பள்ளிக்கூட லீவு தொடங்க முதலே அந்த மோலில் ஏதோ அடிபாடு நடந்துவிட்டது. பெடியள் கூட்டமாய்ச் சண்டை பிடித்து, ஒரு கடைக் கண்ணாடி உடைந்து, பொலிஸ் வந்து, ரீவியிலும் காட்டினார்கள். உடனே வாசலில் ஒரு அறிவித்தல். பெரிய ஆட்கள் இல்லாமல் வருகிற பிள்ளைகள் மூன்று பேருக்கு மேல் சேர்ந்து திரியக்கூடாது. எங்கள் கட்டடத்து லிஃப்டில் அதுதான் கதை. ஏழாம் மாடி அன்ரி, "அது கறுப்புப் பெடியளுக்குப் போட்ட சட்டம், எங்கடை பிள்ளையளுக்கு என்ன?" என்றா. அம்மாவும் ஓமோம் என்று தலையாட்டினா. எனக்கும் அது நல்ல நியாயமாகவே பட்டது. எங்களுக்கு இல்லாத சட்டமெல்லாம் நல்ல சட்டம்தானே.

இரவுச் சாப்பாட்டில் இந்தக் கதை வர, சித்தப்பா மட்டும் சோற்றைத் தள்ளி வைத்தார். பிறகு, லீவில் மோல் பக்கமே வரவேண்டாம், தப்பித்தவறி வந்தாலும் தன்னைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்றார். சொந்தக்காரர் வந்து நின்று கதைத்தால் வேலை போய்விடுமாம். சுப்பர்வைசர் கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு நிற்கிறானாம். நாங்கள் எல்லாரும் நல்ல பிள்ளைகளாய்த் தலையாட்டினோம்.

தலையாட்டுகிறது வேறு, வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறது வேறு. அம்மாவும் அப்பாவும் ஃபக்ரரிக்குப் போய்விடுவார்கள். வெளியே பனி கரைந்து ஒரே சேறு. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தோம். அதற்குப் பிறகு பதின்மூன்று வயது அண்ணா தலைமை தாங்க, நான், தம்பி, கீழ் மாடியில் இருந்த பெரியம்மாவின் மகன்மார் இரண்டு பேர் என்று எங்கள் படை பஸ் ஏறியது.

உள்ளே போய்ச் சப்பாத்துச் சேற்றைத் தட்டவும் நேரம் கிடைக்கவில்லை. நாலு கறுப்புப் பெடியள் ஜக்கெற்றை இழுத்து விட்டுக்கொண்டு எங்களைக் கடந்து வெளியே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் சுப்பர்வைசர், அவனுக்குப் பக்கத்தில் எங்கள் சித்தப்பா. சுப்பர்வைசர் எங்களைக் கண்டான். எங்கள் பக்கம் விரலை நீட்டி, இவங்களையும் அனுப்பு என்று சித்தப்பாவுக்குச் சொன்னான்.

சித்தப்பாவின் முகத்தில் இரத்தமே இல்லை. அந்த நேரம் பார்த்துத் தம்பி, "சித்தப்பா!" என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு ஓட வெளிக்கிட்டான். அண்ணா எட்டி அவனுடைய தொப்பியில் பிடித்துவிட்டான். ஐயோ, முடிந்தது கதை, இனிச் சித்தி வந்தபாடில்லை. இவன் என்ன சொல்கிறான் என்று சுப்பர்வைசர் கேட்டான். சித்தப்பா நிமிர்ந்து நின்று, தன்னுடைய இங்கிலீஷில், கெட்ட வார்த்தையால் பேசுகிறான் சேர் என்றார்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். கழுத்து நரம்பு புடைக்க, விரலை ஆட்டி ஆட்டி, மோல் முழுக்கக் கேட்கக் கத்தினார். "டேய்! ஒருத்தரும் சிரிக்கப்படாது, சொல்லிப்போட்டன்! தலையைக் குனிஞ்சுகொண்டு வெளியிலை போங்கோ! அங்காலை பஸ் நிக்கிற வாசலாலை ரண்டு மூண்டு பேராப் பிரிஞ்சு வாங்கோ! மேலை டோனற் கடையிலை எங்கடை ஊர் அன்ரி நிக்கிறா, என்ர பேரைச் சொல்லி வாங்கித் தின்னுங்கோ! சின்னவனுக்குச் சொக்கிளேற் போட்டது வாங்கிக் குடுங்கோ! ஓடுங்கோ!" கடைசியில் இருமலும் வந்தது.

தம்பிக்குச் சொல் காதில் ஏறவில்லை, சத்தம்தான் ஏறியது. ஓவென்று அழத் தொடங்கினான். நீட்டிய விரலைச் சித்தப்பா மடக்கவில்லை. நாங்கள் மற்ற நாலு பேரும் குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க வெளியே வந்தோம். பின்னால் இருந்து பார்த்தவர்களுக்கு எல்லாரும் அழுகிற மாதிரித்தான் இருந்திருக்கும். கதவடியில் திரும்பிப் பார்த்தேன். சுப்பர்வைசர் சித்தப்பாவின் தோளில் தட்டி ஏதோ புகழ்ந்துகொண்டிருந்தான். எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை. வேலை தப்பியது மட்டுமல்ல, அடுத்த வருடம் சித்தியும் வந்து இறங்கினா.

சொன்னபடி மற்ற வாசலால் பிரிந்து பிரிந்து உள்ளே வந்து மேலே ஏறினோம். டோனற் கடை அன்ரி சித்தப்பாவின் பேரைக் கேட்டதும் ஒரு பெட்டியையே நீட்டினா. வாயெல்லாம் சொக்கிளேற்றாய்த் தம்பி அழுகையை மறந்தான். மேல் மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தோம். தண்ணீர்த் தொட்டியடியில் ஹொக்கி ஜக்கெற் போட்ட வெள்ளைக்காரப் பெடியள் எட்டு ஒன்பது பேர், ஒருவனின் சப்பாத்தைப் பறித்து எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள் மேலெல்லாம் தண்ணீர் தெறித்தது. சுப்பர்வைசர் அவர்களோடு நின்று சிரித்துக் கதைத்துவிட்டுப் போனான். சித்தப்பா வாய் திறக்காமல் அவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார்.

பின்னேரம் வீட்டில் ஒரே பகிடிதான். 'சித்தப்பா' என்பது கெட்ட வார்த்தையான கதையைக் கேட்டு அம்மா பிட்டுக் குழைத்த கையோடு கண்ணைத் துடைத்துச் சிரித்தா. சித்தப்பா தம்பியை மடியில் வைத்திருந்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் நான் கேட்டேன்: "அந்த வெள்ளைக்காரப் பெடியளும் கூட்டமாத்தானே நிண்டவங்கள்? அவங்களை ஏன் ஏசேல்லை?"

அப்பா ரீவிச் சத்தத்தைக் கூட்டினார். சித்தப்பா தம்பியின் தலையைத் தடவிக்கொண்டு, "அவங்களை ஏச எனக்கு இங்கிலீஷ் காணாது, பிள்ளை" என்றார்.

அட, இவ்வளவுதானா! இங்கிலீஷ் குறைந்தால் நான் இருக்கிறேனே. அடுத்த நாள் காலை அவரைச் சோபாவில் இருத்தி, இடுப்பில் கை வைத்து, கூட்டமாய் நிற்காமல் உடனே வெளியே போங்கள் என்பதற்கு என்னிடம் இருந்த திறமான இங்கிலீஷில் இரண்டு வசனம் சொல்லிக் கொடுத்தேன். சித்தப்பா நீலச் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, நான் சொன்ன மாதிரியே, திருப்பித் திருப்பிச் சொன்னார். கடைசித் தரம் ஒரு பிழையும் இல்லை. வெள்ளைக்காரன் தோற்றுப் போவான். நான் கை தட்டினேன். "தாங்ஸ் ரீச்சர்" என்று கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

லீவு முடியும்வரை ஒவ்வொரு பின்னேரமும் கதவடியில் மறித்து, சொன்னீங்களோ என்று கேட்டேன். இண்டைக்குத் தேவைப்படேல்லை என்பார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாய் வந்தது. இவ்வளவு வடிவாய்ச் சொல்லத் தெரிந்த மனிதர், இப்படியும் ஒரு வெட்கமா!