கட்டில் காலுக்கு ஏழு மணி நேரம்

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையோர மரப்பட்டறை ஒன்றில் சி.என்.சி. இயந்திரம் ஓட்டுவது என் வேலை. கம்ப்யூட்டரில் இருக்கும் வடிவத்தை அது மரத்தில் செதுக்கும். முதலாளியை எல்லாரையும் போல நானும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு கட்டில் வேலை முடிவதற்குள் அப்படிக் கூப்பிட வாய் வராமல் போனது.

கடையநல்லூர் வியாபாரி ஒருவர் மகள் கல்யாணத்துக்குக் கட்டில் கேட்டிருந்தார். யானைத் துதிக்கை போல வளைந்த கால்கள் நான்கு. சதுரத் தேக்குக் கட்டையை அப்படியே மாட்டினால் ஒரு கால் முடிய ஏழு மணி நேரம். அதில் பாதிக்கு மேல், வேண்டாத மரத்தைச் சுரண்டித் தள்ளுவதற்கே போகும். தூளுக்குள் இருமிக்கொண்டு நிற்பது நான்.

"முதல்ல ரம்பத்துல வளைவா அறுத்துக்கிடுவோம் அண்ணாச்சி. கோட்டுக்கு வெளிய ஒரு விரக்கடை மரம் கூடுதலா விட்டா போதும். மிச்சத்த மிஷின் பாத்துக்கிடும்."

"அத வாங்கிப் போட்டது எதுக்குலே? நீ ரம்பம் பிடிக்கவா?"

மூன்று நாள் கேட்ட பிறகு, "என்னமும் செய்" என்றார். பிளைவுட்டில் காலின் அச்சை வெட்டி, தேக்கின் மேல் வைத்துக் கோடு போட்டு அறுத்தேன். இயந்திரம் பிடிப்பதற்காக இரு முனைகளையும் சதுரமாகவே விட்டேன். ஓடவிட்டால், செதுக்கும் முனையான பிட்டு பாதி நேரத்துக்கு மேல் மரத்தைத் தொடவே இல்லை. வெறும் காற்றில் போய் வந்துகொண்டிருந்தது. கட்டையை மாற்றிய நான் கம்ப்யூட்டரில் மாற்றவில்லை. அதன் கணக்கில் அங்கே இன்னும் முழுக்கட்டைதான். அதே ஏழு மணி நேரம் ஆனது.

தப்பு என்னுடையதுதான். ஆனால் அன்றைக்கென்று வியாபாரி வந்து நின்றார்.

"நம்ம இன்ஜினியர் காத்தச் செதுக்குதாரு, பாருங்க பாய்" என்று அண்ணாச்சி சிரித்தார். எனக்குக் காது வரை சுட்டது.

மறுநாள், அறுத்த கட்டையின் உருவத்தை அளந்து கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன். இரண்டாவது கால் இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது. அதைப் பார்க்க வந்த வியாபாரியிடம், "முன்கூட்டியே அறுக்கணும்னு நான்தான் யோசன சொன்னேன். இனிமே ஒரு நாளைக்கு மூணு கால் எடுத்துருவான்" என்றார் அண்ணாச்சி.

இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டேன்.

"யாரு சொன்ன யோசன அது? நேத்து இவுக முன்னாடிதான சிரிச்சீய. இப்ப இவுக முன்னாடியே சொல்லுங்க."

அண்ணாச்சி குனிந்து, முடிந்த மரக்காலைத் தடவிப் பார்த்தார். "விடுங்க தம்பி" என்றார் வியாபாரி.

"நீங்க சும்மா இருங்க பாய்."

அந்த மனிதரிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். அச்சை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் போகவில்லை.

சாயங்காலம் அண்ணாச்சியின் பைக் வாசலில் நின்றது. மூன்றாவது காலைக் கண் மதிப்பில் அவரே அறுத்திருக்கிறார். வளைவு உள்ளே இறங்கி, நல்ல தேக்கு விறகாகிவிட்டது.

"அந்த அச்ச மட்டும் குடு."

"அச்சு தனியா வராது. நானும்தான் வருவேன்."

பைக்கைக் கிளப்பிக்கொண்டே, "சரி, வா" என்றார்.

பட்டறையில் கட்டையின் மறுமுனையை அவரையே பிடிக்கச் சொன்னேன். கை தளர்ந்தபோதெல்லாம், "விடாதீய" என்றேன். அவர் தலையெல்லாம் மரத்தூள். எனக்குப் பாவமாக இல்லை.

கட்டில் சொன்ன நாளில் கடையநல்லூருக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது எல்லா வேலைக்கும் முதலில் அச்சு வெட்டுகிறோம். யோசனை உன்னுடையதுதான் என்று அவர் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாடிக்கையாளர் யாராவது வந்து, எப்படி இவ்வளவு சீக்கிரம் முடிக்கிறீர்கள் என்று கேட்டால், நான் வேலையை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.